ஆச்சியின் வாழ்க்கைக் குறிப்பில் எதை எழுதலாம்? – தேரிக்காட்டு ஆச்சிமார் பற்றி ஒரு விவாதம்

தேரிமணல் எழுதியது:

என் ஆச்சி (அம்மாவின் அம்மா) போன வருஷம் இறந்துபோனாள். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் இடையில், தேரி (செம்மணல் மேட்டுக் காடு) ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. அதற்கு ஒரு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு அச்சடித்துக் கொடுக்க வேண்டும். எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடக்க ஆராதனையில் வாசித்த குறிப்பு கையில் இருக்கிறது. இன்னாருக்கு மகளாகப் பிறந்தார், இன்ன வருஷம் திடப்படுத்தல் பெற்றார், இன்னாரை மணந்தார், கர்த்தர் பிள்ளைகளைக் கொடுத்து ஆசீர்வதித்தார், ஜெபத்தில் உறுதியாகத் தரித்திருந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெயரை மட்டும் மாற்றினால் எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் கீழ் வரும் சபைகளில்) இறந்த எந்தப் பெண்ணுக்கும் இதையே வாசிக்கலாம். கல்யாணம் ஆன நாள் முதல் முதுகு வளையும் வரை பதநீர் காய்ச்சியவள் அவள். அந்தக் குறிப்பில் கருப்பட்டி என்ற பேச்சே இல்லை. தாத்தாவுக்கு எழுதியதில் மட்டும் "பனைத் தொழில் செய்து குடும்பத்தை உயர்த்தினார்" என்று இருந்தது. தாத்தா ஏறினார், இறக்கினார், சரி. இறக்கியதைக் காய்ச்சி விற்கிற சரக்காக ஆக்கியது யார்?

இந்த முறை வேறு மாதிரி எழுத ஆசை. வீட்டில் சம்மதிப்பார்களா தெரியவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி எழுதினீர்கள், எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், சொல்லுங்கள்.

---

பழைய பாமாலை எழுதியது:

தம்பி, நாசரேத் பக்கத்தில் நெடுங்காலம் டீச்சராக இருந்தவள் நான். எத்தனையோ பேருக்கு இந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் இது ஏன் இப்படி வருகிறது என்று தெரியும். சபைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுவோம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம். இந்த நாலுக்கும் நடுவில் ஒரு பெண் என்ன செய்தாள் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. ஆண்களுக்காவது கமிட்டி மெம்பர், கடை முதலாளி என்று ஏதாவது ஒட்டிக்கொள்ளும்.

பெரிய மனிதர்கள் வீட்டிலும் இதே கதைதான். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியாவை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவர் அப்பா ஊர்ச்சபையின் குருவானவர், 1889இல் இறந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பையனை ஆளாக்கியது அம்மா எல்லன். மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தாயைப் பற்றிப் படிக்கக் கிடைப்பது சில வரிகள்தான்.

உங்கள் ஆச்சி கைப்பிடி அரிசி போட்டவளா? அப்படியானால் அதிலிருந்து தொடங்குங்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் (சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போகும். விற்ற காசு சபை ஊழியத்துக்கு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த நம் பணத்துக்குள் இந்தப் பெண்களின் உலை அரிசியும் அடக்கம். பணம் கையில் புழங்காத பெண்ணுக்கு, யாரிடமும் கேட்காமல் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

---

அண்டா அடுப்பு எழுதியது:

நான் இப்போது சென்னைவாசி. அம்மா பதநீர் காய்ச்சினவள், பள்ளிக்கூட லீவில் அடுப்புக்கு ஓலை தள்ளினவள் நான். ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து மண்வாசனை, வெள்ளந்தி மனசு என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். வேலை என்னவோ அதை அப்படியே எழுதுங்கள்.

மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடி வரை ஓயாது. குடும்பத்தோடு தேரிக்குள் போய் விடிலி (பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை) போட்டுத் தங்குவோம். அப்பா இருட்டோடு ஏறப் போவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைப்பது அம்மா பொறுப்பு. குறைந்தால் புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் கருப்பட்டியின் நிறமும் ருசியும் கெடும். வந்த பதநீரை வடிகட்டி அண்டாவில் ஊற்றி, காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள் என்று கிடைத்ததை எரித்து, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழிய வந்தால் நசுக்கின ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவாள், அடங்கிவிடும். கடைசிக் கட்டத்தில் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் கைப்பிள்ளை வீறிட்டு அழுதாலும் திரும்ப முடியாது, பதம் தப்பினால் அன்றைக்கு ஏறினது இறக்கினது எல்லாம் வீண். அப்புறம் சிரட்டையில் ஊற்றி, ஆறவிட்டு, தட்டி எடுக்கணும். எட்டு, பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். இது அத்தனையும் சித்திரை வெயிலில், ஓலைக் கூரைக்கு அடியில். அம்மாவுக்குக் கண் கெட்டது அந்தப் புகையால்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது இங்கே கருப்பட்டிக் காபி குடிக்கிறவர்கள் "பாட்டி காலத்து ஆரோக்கியம்" என்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்திருக்கிறது, சந்தோஷம். 1978லிருந்து பனை நம் மாநில மரம், அதுவும் சந்தோஷம். அந்த அடுப்புக்கு முன்னால் உட்காரத்தான் ஆள் இல்லை. எங்களை அங்கே உட்காரவிடக் கூடாது என்று என் அம்மா ஆயுள் முழுக்கப் பாடுபட்டாள், படிக்க வைத்தாள். கிராமத்து வேர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதிலிருந்து பிள்ளைகளைப் பிடுங்கி வெளியே நடுவதுதான் அவள் கனவு. முடிந்தால் அதையும் உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

---

தேரிமணல் எழுதியது:

டீச்சருக்கும் அக்காவுக்கும் நன்றி. ஆமணக்கு விதையைப் படித்ததும் ஆச்சி சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தது ஞாபகம் வந்துவிட்டது.

என் ஆச்சி கதையில் ஒரு திருப்பம் உண்டு. தாத்தா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். உயிர் போகவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஏறவே இல்லை. பிள்ளைகள் எல்லாம் சின்னது. ஆச்சி பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த மரங்களை விடவில்லை, வேறு ஆளை ஏறவிட்டுப் பங்கு வாரத்துக்குக் காய்ச்சினாள். குறிப்பில் தாத்தா "குடும்பத்தை உயர்த்திய" வருஷங்களில் பெரும்பகுதி அவர் கட்டிலில் இருந்த வருஷங்கள்தான். தாத்தாவைக் குறை சொல்லவில்லை. அவரும் படுத்தபடியே பனைநாரில் பெட்டி முடைந்து கொடுப்பார்.

கருப்பட்டி வியாபாரி சீசனுக்கு முன்னால் முன்பணம் கொடுப்பார், சீசனில் அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டும். அவர் நோட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று ஆச்சியால் வாசிக்க முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், பெரிய எழுத்து வேதாகமத்தைச் சரளமாக வாசிப்பாள், கையால் எழுதியதை வாசிக்க மட்டும் வராது. அதனால் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் கோடு போட்டுத் தனிக் கணக்கு வைத்திருந்தாள். இத்தனை கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு, வெள்ளையடித்தால் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடணும். ஒரு வருஷம் வியாபாரி கணக்கும் சுவர்க் கணக்கும் ஒத்துவரவில்லை. வியாபாரியைக் கையோடு கூட்டிவந்து சுவர் முன்னால் நிறுத்திவிட்டாள்.

அவள் ஜெபமும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் முதலில் ஒரு ஞானப்பாட்டு, அப்புறம் சங்கீதம், அப்புறம் அவள் ஆரம்பிப்பாள். பாதி ஸ்தோத்திரம், பாதி வாக்குவாதம். "போன வருஷம் மழை தந்தீரு, சரி. இந்த வருஷம் எங்க போனீரு?" என்று உரக்கக் கேட்பாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடியிருப்போம்.

92ஆம் சங்கீதத்தில் நீதிமான் பனையைப் போலச் செழிப்பான் என்று வரும். எங்கள் பக்கத்து ஐயர்மாருக்கு (குருவானவர்களை அப்படித்தான் சொல்வோம்) அது பிடித்த வசனம். ஒரு ஞாயிறு அந்தப் பிரசங்கம் முடிந்து வரும் வழியில் ஆச்சி சொன்னாள்: "பனை எப்படின்னு அய்யருக்குத் தெரியாதுல்லா. தெனமும் சீவினாத்தான் அது சொரக்கும்."

இதை எழுதலாமா?

---

ஒழுங்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, வருத்தப்படாதீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சேகரக் கமிட்டியில் சில காலம் இருந்தவன். நினைவு ஆராதனை என்பது கர்த்தருக்கு நன்றி சொல்வதற்கு. அங்கே கொடுக்கும் தாளில் வியாபாரியோடு சண்டை, ஐயரைக் கிண்டல் எல்லாம் வந்தால் அந்த வியாபாரியின் பேரப்பிள்ளையும் அதே கோயிலில்தான் உட்கார்ந்திருப்பான். சின்ன ஊர். நாளைக்கு அவன் கல்யாண வீட்டுக்கு நீங்கள் போக வேண்டாமா?

உங்கள் ஆச்சி உயிரோடு இருந்தால் இதை அச்சடிக்கச் சொல்வார்களா என்று யோசியுங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் தங்களைப் பற்றிப் பேசுவதையே கூச்சமாக நினைத்தார்கள். பழைய குறிப்பு மொட்டையாக இருக்கிறது என்பது உண்மைதான். அதில் ஒரு அடக்கமும் இருக்கிறது. சாவில் பணக்காரி, ஏழை எல்லாருக்கும் ஒரே வாசகம்.

---

அண்டா அடுப்பு எழுதியது:

அண்ணாச்சி, எல்லாருக்கும் ஒரே வாசகம் என்றால் கமிட்டி மெம்பர் செத்தால் மட்டும் மூன்று பக்கம் வாசிக்கிறார்களே, அது எப்படி?

---

ஒழுங்குப்பிள்ளை எழுதியது:

அதற்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. எனக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைக்கிறேன்.

---

நாஞ்சில் நடையன் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. மூன்றாம் வகுப்பு வரை படித்த ஆச்சி என்று தம்பி சொன்னதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வரலாறு.

தேரிக்காட்டு ஏழைப் பெண் வேதாகமம் வாசித்தாள் என்பது லேசான விஷயம் இல்லை. அதன் ஒரு நுனி எங்கள் நாகர்கோவிலில் இருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதி 1820 வாக்கிலேயே இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். மார்த்தா மால்ட் பின்னல் லேஸ் வேலை கற்றுக்கொடுத்தார். ஆரம்பத்தில் கற்ற பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு, லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855இல் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் வளர்ந்த மகள்தான் எலைசா. 1844இல் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு உங்கள் தேரிப் பக்கம் இடையன்குடிக்கு வந்தார். பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியும் லேஸ் வேலையும் அவரோடு அங்கே வந்தன. நம் பெண்களிடம் அவர்கள் தமிழிலேயே பேசினவர் அவர்.

இடையன்குடிக் கோயில் வேலை 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. போகிறவர்கள் எல்லாம் கால்டுவெல் கல்லறையைப் பார்த்துக் கும்பிட்டு, ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறார்கள். எலைசாவும் அங்கேதான் அடக்கம். அவர் பெயரைச் சொல்கிறவர் குறைவு.

புகழ் மட்டும் பாடக் கூடாது என்பதால் இன்னொன்று. பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் கால்டுவெல் எழுதியது நம்மவர்களை இழிவாகக் காட்டிய எழுத்து. அதை எதிர்த்துப் பிற்பாடு பெரிய கிளர்ச்சியே நடந்தது. பள்ளிக்கூடமும் அதே கை, அந்த எழுத்தும் அதே கை. உங்கள் ஆச்சி போல ஒருத்தி அந்தப் பள்ளியில் எழுத்தை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிட்டு, தன் போக்கில் வாழ்ந்திருக்கிறாள். எங்கள் பாட்டி தலைமுறையில் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தை ஏதோ நேற்று நடந்தது போலப் பேசுவார்கள். 1859இல்தான் மேலாடைக்கு ராஜ விளம்பரம் வந்தது. இங்கே கோயிலுக்குப் போவதும் மானமாக உடுத்துவதும் சேர்ந்தே வந்த விஷயம், அதனால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலைக்கு அவ்வளவு மரியாதை.

அப்புறம் நாங்கள் பதநீரை அக்கானி என்போம், அடிக்க வராதீர்கள்.

---

மணப்பாட்டு அலை எழுதியது:

நாங்கள் கத்தோலிக்கர், கடல் பக்கம். எங்கள் அம்மாச்சி மீன் கூடையோடு உங்கள் தேரி ஊர்களுக்குத்தான் வருவாள், கருவாட்டுக்குக் கருப்பட்டி மாற்றிக்கொண்டு போவாள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளுக்கு உங்கள் சபைப் பெண்கள் சிலர் மணப்பாட்டுக்கு வந்து சத்தமில்லாமல் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். சபைக்குத் தெரியக் கூடாதாம். அம்மாச்சி சொல்லிச் சிரிப்பாள்.

---

குலசை வேஷம் எழுதியது:

மணப்பாட்டு அலை ஆரம்பித்துவிட்டதால் நானும் சொல்கிறேன். எங்கள் வீடு கோயில் வீடு. சுடலைமாடனுக்குக் கொடை (கோயில் திருவிழா), தசராவுக்குக் குலசை முத்தாரம்மன். ஆனால் அப்பாவுடைய சொந்த அத்தை வேதக்கார (கிறிஸ்தவ) வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். ஒரே தாத்தா மக்கள், ஒரு கிளை கோயிலுக்கு, ஒரு கிளை சர்ச்சுக்கு.

வெளியூர்க்காரர்களுக்காக: குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, காளி, குறத்தி, குரங்கு, போலீஸ் என்று வேஷம் கட்டி ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கணும். லட்சாதிபதி ஆனாலும் கையேந்தித்தான் ஆகணும், அந்தக் காசைக் கோயில் உண்டியலில் சேர்க்கணும். நான் முதல் வருஷம் குறத்தி வேஷம் கட்டிக்கொண்டு அந்த அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். வேதக்கார வீடு, தரமாட்டாள் என்று கூட வந்தவர்கள் இழுத்தார்கள். அத்தை வெளியே வந்து மேலும் கீழும் பார்த்தாள், "ஒனக்கு மீசை தெரியுதுலே, நல்லா மழி" என்றாள், முந்தியை அவிழ்த்துக் காசைப் போட்டாள். போகும்போது "வேசத்தக் கலைச்சிட்டு வந்து சாப்பிட்டுப் போ" என்று வேறு. சாமிக்குக் கொடுத்தாளா, எனக்குக் கொடுத்தாளா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

தேரிமணல் அண்ணே, உங்க ஆச்சி எப்படி?

---

தேரிமணல் எழுதியது:

சிக்கலே அங்கேதான் இருக்கிறது தம்பி.

எங்கள் ஆச்சியும் போடுவாள். தசரா நேரத்தில் சில்லறை மாற்றியே வைத்திருப்பாள். தாத்தாவின் தம்பி கிளையில் கொடை நடந்தால் பொங்கலுக்குக் கருப்பட்டி இவள் வீட்டிலிருந்து போகும். படையல் சோறு சாப்பிட மாட்டாள், ஆனால் கொடை முடியும் வரை அந்த வீட்டுக் கைப்பிள்ளைகளை எல்லாம் இங்கே வைத்துப் பார்த்துக்கொள்வாள். இதெல்லாம் விசுவாசத்துக்கு விரோதம் என்று ஒருமுறை உபதேசியார் (ஊர்ச்சபை ஊழியர்) வீட்டுக்கு வந்து சொன்னாராம். "வாசலுக்கு வந்தவன வெறுங்கையோட அனுப்புன்னு எந்த அதிகாரத்துல இருக்கு, வாசிச்சுக் காட்டும்" என்று வேதாகமத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

சித்தி இப்போது வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். நான் எழுதிய வரைவை வாட்ஸாப்பில் அனுப்பினேன். தசராக் காசு பற்றிய பத்தி இருந்தால் நினைவு ஆராதனைக்கே வரமாட்டேன் என்று மூன்று நிமிஷத்துக்குக் குரல் செய்தி. அம்மா அழுகிறாள். பெரிய மாமா, "எழுதுறதெல்லாம் உண்மைதான், ஆனா நமக்கு எதுக்கு" என்கிறார்.

இன்னொரு விஷயத்தையும் மாமா எடுக்கச் சொல்கிறார். ஒருமுறை சபைக்கூட்டத்தில் ஆச்சி எழுந்து கைப்பிடி அரிசி விற்ற காசு எங்கே போனது என்று கேட்டாள். பெண்கள் போட்ட அரிசி, அதைக்கொண்டு பெண்களைக் கேட்காமலே வேறு செலவு செய்திருந்தார்கள். கமிட்டியில் கணக்குச் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நாள் பெண்கள் பலபேர் அரிசி போடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆச்சி நிறுத்தவில்லை. எடுத்து வைத்த அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே தனிப் பானையில் சேர்த்து, கணக்குச் சொன்ன பிறகு மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

---

பழைய பாமாலை எழுதியது:

தம்பி, அரிசிச் சம்பவத்தை எடுக்காதீர்கள். இந்த இழையில் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கோபம் கமிட்டியோடு, கடன் கர்த்தரோடு. இரண்டையும் அவள் குழப்பிக்கொள்ளவில்லை. எழுதும்போது யார் கமிட்டியில் இருந்தார்கள், எந்த வருஷம் என்பதை விட்டுவிடுங்கள். "சபையின் காணிக்கைக் கணக்கில் அக்கறை கொண்டிருந்தார், கேட்கத் தயங்காதவர்" என்று தொடங்கி, பானையில் சேர்த்து வைத்ததைச் சொல்லுங்கள். ஊரில் விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும், தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முப்பது வருஷம் வகுப்பறையில் இருந்தவள், இந்த மாதிரி வாக்கியம் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன்.

அறுப்பின் பண்டிகையையும் மறக்காதீர்கள். நம் பெண்களின் பெருமை வெளியே தெரிகிற ஒரே நாள் அது. சேவல், வாழைத்தார், பூசணிக்காய், முட்டை, கருப்பட்டிப் பெட்டி என்று விளைந்ததில் முதலானதைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம். யார் வீட்டுக் கருப்பட்டி எவ்வளவுக்குப் போனது என்பது அடுத்த வருஷம் வரை பேச்சாக இருக்கும்.

---

தேரிமணல் எழுதியது:

டீச்சர், ஆச்சி கருப்பட்டிக்கு எப்போதும் போட்டி இருக்கும். அந்தச் சுவர்க் கணக்கு வியாபாரி இருக்கிறாரே, அவரே வருஷா வருஷம் கூடுதலாகக் கேட்டு எடுப்பார். சண்டைக்கு அப்புறமும். ஒழுங்குப்பிள்ளை அண்ணாச்சி, இதைச் சேர்த்தால் அவர் பேரனுக்கும் சந்தோஷமாக இருக்குமா?

---

ஒழுங்குப்பிள்ளை எழுதியது:

இப்படி வந்தால் தாராளமாக எழுதலாம். சண்டையும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. அரிசி விஷயத்தில் டீச்சரம்மா சொன்ன மாதிரி எழுதுங்கள். மனசாட்சிப்படி சொன்னால், எங்கள் கமிட்டியிலும் ஒரு ஆச்சி எழுந்து கேட்டிருக்கலாம், எங்களுக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

தசரா விஷயம் அச்சில் வேண்டாம் என்பதுதான் இப்போதும் என் கருத்து. சரி தப்பு பார்த்துச் சொல்லவில்லை. ஒரு தாளுக்காக அம்மாவின் நினைவு நாளில் மகள் வராமல் போகக் கூடாது.

---

அண்டா அடுப்பு எழுதியது:

இதில் நான் அண்ணாச்சி கட்சி இல்லை. உயிரோடு இருந்தபோது உபதேசியாருக்கே வேதாகமத்தை நீட்டினவளை, செத்த பிறகு மகளுக்குப் பயந்தவளாக ஆக்குவீர்களா? சித்தி வந்தால் வரட்டும். வராவிட்டால் அடுத்த நாள் தானாக வருவாள். சின்ன வயதில் அந்தச் சில்லறையை எண்ணி அடுக்கி வைத்தது அவளாகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

---

நாஞ்சில் நடையன் எழுதியது:

அக்கா சொல்வது நியாயம், அண்ணாச்சி சொல்வது நடைமுறை. தாளில் போகாததை இங்கே எழுதியாயிற்று, இதுவும் ஒரு பதிவுதான். இடையன்குடி லேஸ் பற்றி யாருக்காவது குடும்பக் கதைகள் இருந்தால் தனி இழையாகத் தொடங்கலாம், இதை மடைமாற்ற வேண்டாம்.

---

தேரிமணல் எழுதியது:

சித்தியிடம் கேட்டேன் அக்கா. சில்லறை அடுக்கினது அவள்தானாம்! கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் "அது தெரியாத வயசு" என்றாள். ஆனாலும் அச்சில் வரக் கூடாது என்பதில் மாற்றம் இல்லை. அம்மா முகத்துக்காக ஒத்துக்கொண்டேன். முடிவாகப் போகிற பத்தி இதுதான், பிழை இருந்தால் டீச்சர் திருத்துங்கள்:

"தகப்பனார் பாட்டத்துக்கு எடுத்த பனைகளை, அவர் விழுந்து படுத்த பிறகும் விடாமல் வைத்திருந்து, விடிலியில் பதநீர் காய்ச்சிப் பிள்ளைகள் எல்லாரையும் படிக்க வைத்தார். தம் பெண்மக்கள் ஒருவரையும் அந்த அடுப்புக்கு முன் உட்கார விடவில்லை. கருப்பட்டிக் கணக்கைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார், அந்தக் கணக்கு ஒருபோதும் தப்பியதில்லை. உலை வைத்த நாளில் எல்லாம் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தார். சபைக் கணக்கில் மனத்தாங்கல் வந்த காலத்திலும் அதை நிறுத்தாமல் வீட்டுப் பானையில் சேர்த்து, பிறகு கொண்டுவந்து சேர்த்தார். ஆண்டவரிடம் உரக்கப் பேசுவார். வாசலுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை."

கடைசி வரி சித்தி பார்த்துச் சம்மதித்த வரி.

---

பழைய பாமாலை எழுதியது:

பிழை ஒன்றும் இல்லை. "தகப்பனார்" என்பது பிள்ளைகள் சொல்வது போல இருக்கிறது, பேரன் எழுதுவதால் "கணவர்" என்று மாற்றிவிடுங்கள். பதிவேட்டுத் தேதிகளை அடியில் சின்ன எழுத்தில் போடுங்கள், மேலே வேண்டாம்.

---

குலசை வேஷம் எழுதியது:

கடைசி வரி போதும் அண்ணே, விவரம் தெரிந்தவனுக்கு அதில் எல்லாம் இருக்கு. இந்த வருஷம் காளி வேஷம் கட்டுறேன், உங்க ஊர்ப் பக்கமும் வருவோம். ஆச்சி இல்லை, சித்தி வாசலில் நின்றால் காசு விழுமா?

---

தேரிமணல் எழுதியது:

சித்தி போட மாட்டாள். திண்ணையில் சித்தப்பா இருப்பார், அவள் உள்ளே போகும் வரை கொஞ்சம் ஆடிக்கொண்டே நில்.